உனக்குள் யாரும் இல்லை, வசந்தா

என் ராசாத்தி வசந்தா,

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உன் மகள் தேவிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆவடிக் குவார்ட்டர்ஸில் என்னோடுதான் இருக்கிறாள். உன்னைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். போன தையிலிருந்து, உன்னைப் போலவே, விடியும்போது எழ முடியாமல் அழுகிறாள்.

என் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கழுத்து, தோள், முதுகு, முட்டி, எங்கே கேட்டாலும் அங்கே வலி என்றாய். எக்ஸ்ரே எடுத்தோம், ரத்தம் பார்த்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு ஒருத்தி அழுவாளா? நசரத்பேட்டை தாண்டி இருந்த ஒரு பூசாரியிடம் உன்னை அழைத்துப் போனது நான்தான். எண்பத்திநாலு, ஆடி வெள்ளி. விபூதி தொட்ட கட்டைவிரலை அவன் உன் பிடரியில் லேசாக வைத்தான். நீ அலறினாய். "வெரல் வெச்சதுக்கே கத்துது பாத்தியா? உள்ள ஒருத்தி குந்திகினு கீறா" என்றான். அம்மன் மேல் ஆணையாக நம்பினேன்.

வேப்பிலையில் ஆரம்பித்துப் பிரம்புக்குப் போனான். உன் முடியை மரத்து ஆணியில் சுற்றிக் கட்டியிருந்தான். ரவிக்கை ரத்தத்தில் முதுகோடு ஒட்டிப் போயிற்று. "யாரு நீ? பேர சொல்லு" என்று அடிக்கு அடி கேட்டான். "வசந்தா, வசந்தா" என்றுதான் நீ சொன்னாய். கடைசியில் தாங்க முடியாமல், அதற்கு முந்தின வருஷம் கிணற்றில் விழுந்து செத்த பக்கத்துத் தெருப் பெண்ணின் பேரைச் சொன்னாய். அதோடு விட்டான். அதுவரை உன் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்திருந்தது யார்?

வீட்டுக்கு வந்தபின் நீ வலி என்று வாயைத் திறக்கவில்லை. குணமாகிவிட்டது என்று பொங்கல் வைத்தேன். ஐப்பசியில் உன் கண் மஞ்சளானது. அதையும் சொல்லாமல் குனிந்தே நடமாடினாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காமாலை முற்றிவிட்டிருந்தது. "சொன்னா திரும்பவும் அங்க இட்டுகினு போவியோன்னு பயமா இருந்துச்சுக்கா" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

தேவிக்கும் வலி என்றதும் இந்தத் தடவை எந்தப் பூசாரியையும் தேடவில்லை. அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாவும் கட்டைவிரலைத்தான் வைத்தாள், அதே பிடரியில். நகம் வெளுக்கும் அளவுதான் அழுத்தினாள். தேவி அலறித் துள்ளினாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இந்த அம்மா உடனே விரலை எடுத்துவிட்டு, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நாங்கள் யாராவது கேட்டோமா?

தோள், முழங்கை, இடுப்பு என்று ஒவ்வோரிடமாகச் சொல்லிச் சொல்லித் தொட்டாள். வேறு வியாதி இல்லை என்று பரிசோதனைகளில் தெரிந்தபிறகு, நான் கேட்டதற்காகப் பேரைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தாள். ஃபைப்ரோமயால்ஜியா. பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கற்றவள் நான். பத்துத் தரம் எழுதிப் பார்த்த பிறகுதான் வாயில் வந்தது.

"வாசல்ல ஆளே இல்லாம காலிங் பெல் அடிச்சிட்டே இருந்தா எப்படி? அதுதாம்மா இது. ஆள் இல்ல. ஆனா மணி அடிக்கிறது நிஜம்" என்றாள். காயம் எதுவும் இல்லாமலே உடம்பு முழுக்க வலிக்குமாம், ஆனால் உயிரை எடுக்காதாம். முழுக்கப் போகாவிட்டாலும் அடக்கி வைக்கலாமாம்.

அன்றிலிருந்து, நான் ஓம் சக்தி எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தேவியின் வலிக்குக் கணக்கு வைக்கிறேன். தூங்கின நேரம், நடந்த தூரம், எங்கெங்கே வலி. இரண்டு மாதத்தில் ஒன்று புரிந்தது. கொஞ்சம் தேவலை என்ற நாளில் வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துப் போட்டால், அடுத்த மூன்று நாள் படுக்கைதான். அதனால் நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தச் சொல்கிறேன். காலையில் வெந்நீர்க் குளியல், பிறகு மைதானத்தைச் சுற்றி நடை. முதல் வாரம் அரைச் சுற்று, இப்போது இரண்டு. ராத்திரி ஒரு சின்ன மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை. பொங்கலுக்கு நீ வீடு முழுக்கக் கழுவிவிட்டு மறுநாள் விழுந்து கிடந்தாயே, நடிக்கிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?

போன வெள்ளிக்கிழமை உன் புருஷன் வந்தார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்ற பயம் அவருக்கு. கூடவே அதே பூசாரி. தாடி மட்டும் நரைத்திருந்தது. நான் சமையல்கட்டிலிருந்து வருவதற்குள் தேவியின் கழுத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தியிருந்தான். அவள் கத்தினாள்.

"வேற யாரும் இல்ல, அம்மாக்காரி தான் பொண்ணாண்ட வந்துகீறா" என்று பிரம்பை ஓங்கினான்.

உன்னையே பேயாக்கிவிட்டான், வசந்தா.

முதல் அடி குறுக்கே போன என் மணிக்கட்டில் விழுந்தது. பிரம்பைப் பிடுங்கி அவன் தோளில் இரண்டு, முதுகில் ஒன்று போட்டேன். தோல் கிழிந்தது. கத்தினான்.

"இன்னாத்துக்குடா கத்துற? உள்ள யாரு கீறா? பேர சொல்லு."

செருப்பை விட்டுவிட்டு ஓடினான். உன் புருஷன் என்னோடு இன்னும் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அடித்தபோது எனக்கு இனித்தது. அதற்காக அம்மனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது உன்னிடம், வேறொன்றுக்காக.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். தினமும் தேவிக்குத் தலைவாரும் முன், "தொடட்டுமா?" என்று கேட்கிறேன். சில நாள், "வாரிவுடு பெரிம்மா" என்பாள். இன்று வேண்டாம் என்றாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் வலி என்றால் அது வலிதான். அதற்குள்ளே யார் என்று தேட மாட்டேன். அவளைக் கேட்காமல் எந்தக் கையும் அவள்மேல் படாது, வசந்தா. என் கையும்தான்.

அன்று உன் கைகளை விடாமல் பிடித்திருந்த
உன் அக்கா