ஹேகலே கதவில் என் துண்டு

2 அக்டோபர் 2019, புதன்

சந்தை பாதியில் நின்றது. நீரூற்றுக்குப் பக்கத்தில் தரைக்கல் மாற்றத் தோண்டியவர்கள் வெடிக்காத குண்டு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிமேல் போட்ட குண்டு. இருபத்தாறு வருஷமாக அதிலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான் பூ விற்றிருக்கிறேன்! டாலியாக்களை வாளியோடு தூக்கிக்கொண்டு பின்தெருவுக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4 அக்டோபர், வெள்ளி

நகராட்சி நோட்டீஸ். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் எல்லோரும் வெளியேற வேண்டும். கிளம்பியவர்கள் கதவுப் பிடியில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கும் வீட்டைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மேல்மாடி ஹேகலேக்குத் தெரியுமா? தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் எனக்கென்ன? வாரத்துக்கு ஒரு வீடு என்று படிக்கட்டு கழுவும் முறையில் அவர் ஒரு வாரம் தவறியதைச் சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, கதவில் எழுதி வைக்கும் சீட்டுதான். போன வாரம் அவர் வைத்த சீட்டு: "மூணாவது படி ஓரத்துல தூசி." அது கண்ணா, பூதக்கண்ணாடியா!

6 அக்டோபர், ஞாயிறு. பள்ளி விளையாட்டுக்கூடம், காலை 11.10



காலையில் ஹேகலே கதவில் துணி இல்லை. கீழே அவர் சைக்கிளும் இல்லை. ஆள் போய்விட்டார், கட்ட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கதவு மட்டும் மொட்டையாக இருந்தால் மொத்தக் கட்டடத்தையே அல்லவா கேவலமாகப் பேசுவார்கள்? என் சமையலறைத் துண்டை நானே கட்டிவிட்டு வந்தேன். தட்டவில்லை.

எல்லோரையும் தங்கவைத்திருக்கும் இந்தக் கூடத்தில் அவரைக் காணோம். கீழ்வீட்டு ஸில்கே சொல்கிறாள்: "சைக்கிளா? அது வெள்ளிக்கிழமையே ரிப்பேருக்குப் போயாச்சே. இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு மனுஷனை ஜன்னல்ல பாத்தேனே!"

பன்னிரண்டு மணிக்குக் குண்டில் கை வைக்கிறார்கள். சொன்னால் மூவாயிரம் பேர் என்னால் காத்துக் கிடக்க வேண்டும். சொல்லாவிட்டால் — ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

11.40

சொல்லிவிட்டேன்.

"அவர் கதவுல நீங்க எதுக்குத் துணி கட்டினீங்க?" என்றாள் போலீஸ்காரி.

"பாக்க நல்லா இருக்காதேன்னு..."

அவள் வாக்கிடாக்கியில் "நிறுத்துங்க" என்றாள். சூப்புக்கு நின்ற வரிசை முழுக்க என்னையே பார்த்தது. "ஃப்ராவ் ரீக்கர் எது செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வாங்க!" என்று எவனோ என்னைக் காட்டிக் கத்தினான்.

1.15

உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். காய்ச்சலாம். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, கிளம்பும்வரை கொஞ்சம் படுக்கலாமென்று தூங்கிப் போயிருக்கிறார். குளியல் அங்கியோடு என்னைக் கடந்து போனார். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

3.05

குண்டு செயலிழந்தது.

8 அக்டோபர், செவ்வாய்

என் துண்டு துவைத்து இஸ்திரி போட்டு என் கதவுப் பிடியில் தொங்கியது. கூடவே சீட்டு: "அடுத்த தடவை தட்டிப் பாருங்க."

12 அக்டோபர், சனி

மறுபடி சந்தை. குழியை மணல் போட்டு மூடியிருக்கிறார்கள். இருந்தாலும் கடையை இரண்டடி தள்ளித்தான் போட்டேன். ஒரு கட்டு டாலியாவை விற்காமல் ஒதுக்கி வைத்தேன்.

சந்தை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். தட்டினேன். பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன்.

"கதவை உடைக்காதீங்க ஃப்ராவ் ரீக்கர், வந்துட்டேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மெஷின் காதுலதான் இருக்கு. சீட்டு வச்ச செவ்வாய்க்கிழமையிலேர்ந்து கழட்டவே இல்ல."