சாம்பலில் கிடைத்த பாதி மூட்டு

என் கோபக்கார அம்மாவுக்கு,

நீ போன பிறகு உன் கோபம் மொத்தமும் எனக்கு வந்துவிட்டது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

முழங்காலில் முழு மூட்டையும் மாற்ற வேண்டாம், உள்பக்கம் தேய்ந்த பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். நம்பினோம். தையல் பிரிக்கப் போன அன்றே நீ சொன்னாய்: "சார், முட்டிக்குள்ள இன்னாமோ ஆடிக்கினு கீது. கொதிக்கவும் கொதிக்குது." அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று மாத்திரை எழுதினார்.

அடுத்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். நம் வீட்டு ஆள் நான். சென்னையில் லீவு தரவில்லை என்று போனில் சொன்னேன். நான் லீவே கேட்கவில்லை அம்மா.

"வுடுடா, நானே போயி குந்திக்கிறேன். நம்ம வூட்டுப் பேரு வுட்டுப்போவக் கூடாது" என்றாய். வடக்கனந்தல் ரோட்டில் மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தாய். அத்தனை பேரில் ஒருவருக்காவது நாற்காலி போடத் தோன்றியதா?

அதன்பிறகு நீ எதைச் சொன்னாலும் டாக்டரிடம் ஒரே பதில்தான். "ரோட்ல போய் உட்கார்ந்தா நான் என்ன பண்றது?" எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை. காய்ச்சல் வந்தது, தையல் போட்ட இடத்தில் சீழ் கசிந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஒரு நாள் உட்கார்ந்ததால வந்தது இல்லீங்க. ஆபரேஷன் ஆன கொஞ்ச நாள்லயே சீழ் பிடிச்சிருக்கு, வெச்ச மூட்டும் கழண்டிருக்கு" என்றார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

எலும்பு பொறுக்கும்போது உன் முட்டியில் வைத்த அந்த உலோகத் துண்டு கறுத்துப்போய்க் கிடந்தது. "அதையும் ஆத்துல வுட்டுடுப்பா" என்றார் மாமா. திருக்கோவிலூரில் உன்னை மட்டும் தென்பெண்ணையில் கரைத்தேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

போன வாரம் கள்ளக்குறிச்சி டாக்டரிடம் உன் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். தையல் பிரித்த அன்று நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நீ ரோட்டில் உட்கார்ந்தது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்த டாக்டர்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் அந்தத் துண்டோடு போய் நிற்பேன். எத்தனை முறை கூப்பிட்டாலும் போவேன். இந்த முறை நம் வீட்டு ஆள் நான்தான்.

அன்றைக்கு வராத உன் மகன்