பல்பு தின்னாத மின்சாரம்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை மேசை இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய டார்ச் லைட் ஒன்று கிடைத்தது. பின்மூடியைத் திருகித் திறந்தேன். செல் இரண்டும் கசிந்து, வெள்ளைப் பொருக்காகத் தகரத்தோடு ஒட்டியிருந்தன. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நமது எட்டாம் வகுப்பு அறை நினைவுக்கு வந்துவிட்டது. டார்ச்சைக் குப்பையில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் இருபது நாளாகிறது. நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்தேன். திருநெல்வேலியிலிருந்து தினமும் பஸ். பட்டம் படித்து பி.எட். முடித்தவள் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. ஆனால் நான் படித்தது விலங்கியல். தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மின்சாரப் பாடம் எனக்கே சரியாகப் புரிந்ததில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. நீங்கள் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கோயில் கொடை விழாக்களுக்கு மைக்செட்டும் விளக்கும் கட்டிக்கொடுப்பவர்.

அன்றைக்கு எட்டாம் வகுப்பில் இரண்டு செல், இரண்டு டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர் வைத்துக்கொண்டு மின்சுற்றுக் காட்டினேன். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தேன். முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது சிவப்பாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் தெரிந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. என் புரிதலுக்குக் கண்முன்னே சாட்சி.

"பாத்தீங்களா? முதல் பல்பு மின்னோட்டத்தை எடுத்துக்கிடுது. அது போக இருக்கதுதான் ரெண்டாவதுக்குப் போகுது" என்றேன்.

பேச்சி எழுந்து நின்றாள். தோட்டங்களில் வாழைத்தார் சுமப்பவரின் மகள், ஒல்லியாக முதல் பெஞ்சில் இருப்பாளே, அவள்தான்.

"இல்ல டீச்சர். பல்பு கரண்டத் தின்னாதுன்னு ஏழாப்புல டீச்சர் சொன்னாங்க. போனது அம்புட்டும் திரும்பி வருமாம்."

"அப்போ செல் ஏன் தீருது?" என்று மடக்கினேன்.

"செல்லுதான டீச்சர் தள்ளிவிடுது? தள்ளித் தள்ளி அதுக்குச் சத்து போயிரும்னு சொன்னாங்க."

வகுப்பே தலையாட்டியது. அத்தனை பிள்ளைகள் முன்னால் என் முகம் சூடேறியது. நான் சொன்னதைப் பத்து முறை எழுதிக்கொண்டு வா என்று அவளை உட்கார வைத்தேன்.

மதியம் சாப்பிடும்போது நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். சண்டைக்கு வந்த முகமில்லை உங்களுக்கு. குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போட்டுப் பாத்தியளா டீச்சர்?" என்று கேட்டீர்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "இல்ல, கொடைக்குக் கட்டுத சீரியல் செட்டுல கடைசி பல்பு மங்கலாவா எரியுது? எல்லாம் ஒண்ணுபோலத்தான எரியுது? அதான் கேட்டேன்" என்றீர்கள்.

டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனேன். நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு. அங்கே நான் சொன்னதை உங்களிடம் யாராவது சொன்னார்களா, தெரியாது. சொல்லியிருப்பார்கள். "கொடைக்கு லைட் கட்டுதவங்ககிட்ட கேட்டுட்டு வந்து கரண்ட் பாடம் எடுத்தா, பிள்ளைங்க என்னத்த சார் படிக்கும்?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பாட அட்டவணை மாறியது. உங்களுக்கு ஒன்றாம் வகுப்பும் தையலும். ஏழாம் வகுப்பு அறிவியலும் எனக்கே வந்தது. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏழாப்புல காந்தப் பாடம் பாதியில நிக்குது சார். அத மட்டும் முடிச்சுக் கொடுத்திருதேன்" என்று கேட்டீர்கள். வேண்டாம், புது டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். அதே அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நான் தலை நிமிரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போனபிறகு, அலமாரியிலிருந்து அந்தச் சாமான்களை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பல்புகளை இடம் மாற்றிப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது இரண்டாம் இடத்திலும் பளிச்சென்றே எரிந்தது. மங்கலானது முதலிடத்துக்கு வந்தும் மங்கலாகவே இருந்தது. நாலு முறை மாற்றினேன். பிறகுதான் அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு வோல்ட் பல்புகள். மறுநாள் டவுனில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில் எரிந்தன.

உங்கள் வகுப்பு இரண்டு அறை தள்ளி இருந்தது. சிறுபிள்ளைகளுக்கு நீங்கள் 'அ' போடச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பல்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாளைக்குச் சொல்லலாம், விடுமுறை முடிந்து சொல்லலாம் என்று நாள் போயிற்று. ஆண்டுத் தேர்வில் அந்த மின்சுற்றுக் கேள்வியை நானே வைக்க வேண்டிவந்தது. பேச்சியின் தாளில் நான் சொன்ன தப்பான பதில் அப்படியே இருந்தது. முழு மார்க் போட்டேன்.

அடுத்த வருடம் அம்பாசமுத்திரத்தில் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். "நல்லா இருங்க டீச்சர்" என்றபின்னும் நீங்கள் நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

பிறகு எத்தனையோ வருடம் இந்தப் பாடத்தை எடுத்தேன். பிள்ளைகளையே பல்பை மாற்றிப் போட வைத்து, சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கினேன். யாரிடமிருந்து கற்றேன் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தபோது பந்தலில் பேச்சி இருந்தாள். முன்தலையில் நரை ஓடியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலையாம். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "பேச்சி, அன்னைக்கு வகுப்புல நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாச் சொன்னேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் டீச்சர்" என்றாள். "பத்துத் தடவ எழுதச் சொன்னீங்கல்ல, அன்னைக்கே இந்த டீச்சர்கிட்ட போய் அழுதேன். 'பரீட்சையில அவங்க சொன்னதையே எழுது, மார்க் போயிரக் கூடாது. பைய அவங்களே மாத்திப் போட்டுப் பாப்பாங்க. பாத்துட்டா மறைக்க மாட்டாங்க, வகுப்புல வந்து சொல்லிருவாங்க. பொறுத்துக்கோ'ன்னாங்க."

பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "அந்த வருசம் பூரா, நீங்க உள்ள வரும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன் டீச்சர்."

எனக்கு அந்தப் பார்வை நன்றாக நினைவிருக்கிறது. தினமும் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு முகம் நிமிரும். பாடம் கேட்பதில் இந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொள்வேன். ஸ்டாஃப் ரூமில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், டீச்சர். உங்களிடமும்கூடச் சொல்லியிருக்கிறேன்.