கல்விச் சீர் கொண்டுபோன நாள்

அம்மா, பாண்டிமீனாதான் எழுதுகிறேன். திருப்பூரில் நீயும் அப்பாவும் சுகமா? உன் இருமல் நின்றதா? பெரியப்பா போனைப் பிடுங்கிக்கொண்டதால், எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டுவிழா. ஊரே மேளத்தோடு நாற்காலி, பீரோ என்று கல்விச் சீர் கொண்டுவந்தது. நான் பழத்தட்டு பிடித்திருந்தேன். காலனிக்காரர்களும் ஒரு மின்விசிறி கொண்டுவந்தார்கள். பெரியப்பா வாசலை மறித்தார்.

"அவங்க சீரு பின்கேட்டு வழியா வரட்டும்."

"பிள்ளைக எல்லாம் ஒரே பெஞ்சுலதாண்ணே உக்காருதுக," என்றார் தலைமையாசிரியர் இம்மானுவேல் சார்.

பெரியப்பா சீராக வந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிச் சாரின் தலையில் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். என் தட்டிலிருந்த பழமெல்லாம் ரத்தம். சார் இன்னும் கண் திறக்கவில்லையாம். எனக்குக் காயமில்லை, பயப்படாதே.

வருகிற வெள்ளிக்கிழமை போலீஸ் பள்ளிக்கு வந்து பிள்ளைகள் எங்களை விசாரிக்கப் போகிறது. "சார் படியில தடுக்கி விழுந்தாருன்னு சொல்லு. மாத்திச் சொன்னா உன் தலையும் தப்பாது," என்கிறார் பெரியப்பா.

அன்று அங்கிருந்து ஓடும்போது ஒரு செருப்பு போய்விட்டது, வேறு ஜோடி வாங்கி வா. பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன் அம்மா. சொன்னபின் பெரியப்பாவின் இந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. வெள்ளி காலை பள்ளி வாசலில் வந்து நில். உன்னைப் பார்த்தால்தான் எனக்குக் குரல் வரும்.

யாரோ விளக்குப் போடுகிறார்கள். நிறுத்துகிறேன்.

பாண்டிமீனா