வளர்மதியின் இடது முழங்கை

6 ஜனவரி 2025, திங்கள்

நான் சல்லேகனை இருக்கவில்லை. உண்ணாமல் உயிரை விடும் எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. இன்று காலை மூன்று இட்லி சாப்பிட்டேன். மதியம் சோறு, பீர்க்கங்காய்க் கூட்டு, மோர். மகள் கூண்டுக்குள் இறங்கி அடிதடி செய்கிற வெட்கம் தாங்காமல் போஸ்ட்மாஸ்டரம்மா அன்னத்தை விட்டுவிட்டாள் என்று செஞ்சிக் கடைத்தெரு முழுக்கப் பேச்சாம். மேல்சித்தாமூரிலிருந்து எங்கள் சமணக் குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர் பழத்தட்டோடு வந்து என் காலில் விழுந்துவிட்டார்கள். எழுப்பி உட்கார வைத்து மோர் கொடுத்தேன். ஒருத்திக்கு ஏமாற்றம். முகத்தில் தெரிந்தது.

விசாரித்ததில் ஆரம்பித்து வைத்தவள் பாத்திரம் தேய்க்க வரும் தனகோட்டி. "தட்டே உழ மாட்டேங்குதும்மா, நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்றாள். வித்யாஸ்ரீ எடை குறைக்கிறாள். அவள் எதிரில் நான் சாப்பிடுவதில்லை. அவள் பயிற்சிக்குப் போனபின் சாப்பிட்டு, என் தட்டை நானே கழுவி வைத்துவிடுகிறேன். விஷயம் இவ்வளவுதான்.

பிப்ரவரி 8, சென்னையில் சண்டை. வித்யாவுக்கு முப்பத்திரண்டு வயது. ஜெயித்தால் துபாய்க்காரர்களோடு மூன்று வருட ஒப்பந்தம். தோற்றால் இந்த வயதில் இன்னொரு முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். எதிராளி ஆம்பூர் வளர்மதி. இருபத்தாறு வயது. ஒன்பது சண்டை, ஒன்பதிலும் வெற்றி.

வெட்கமா? எனக்கா?

9 ஜனவரி, வியாழன்

வல்லம் சாலையில் மறைந்த என் கணவர் வேர்க்கடலை மூட்டை அடுக்கிய பழைய மல்லாட்டை குடோன்தான் இப்போது வித்யாவின் பயிற்சிக்கூடம். ஆறு வருடமாக நான் உள்ளே போனதில்லை. ஊர் பேசுகிறது என்பதால் இன்று போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பயிற்சியாளர் பிரசாந்த் பதறிவிட்டான். "அம்மா, ரத்தம் கித்தம் வரும், பரவாயில்லியா?"

குத்து, உதை, மல்யுத்தம் மூன்றும் கலந்த ஆட்டம் இது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பெண்ணின் கழுத்தை வித்யா இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, முழங்காலால் வயிற்றில் இடித்தாள். மறுபடியும். மூன்றாவது முறை அந்தப் பெண் குனிந்ததால் இடி மூக்கில் விழுந்தது. ரத்தம் நீல விரிப்பில் சொட்டி, வித்யாவின் பாதம் பட்டு இழுபட்டது.

தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதவள் நான். வாசலில் எறும்பு ஊர்ந்தால் தாண்டி நடப்பவள். கண்ணை மூடிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தேன். மூடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையில் நான்கு நகக்குறி.

14 ஜனவரி

பொங்கல். வித்யா பானைக்குப் பக்கத்தில் நின்று வாசனை பிடித்தாள், போய்விட்டாள். காதுமடல் அடிபட்டு வீங்கியிருக்கிறது. பிரசாந்த் ஊசியால் ரத்தத்தை உறிஞ்சி எடுத்தான். கிண்ணம் பிடித்தது நான்.

19 ஜனவரி, ஞாயிறு

வளர்மதியின் ஒன்பது சண்டைகளையும் டிவியில் போடச் சொல்லிப் பார்த்தேன். நேற்றும் பார்த்தேன். நல்ல பெண். அடிக்கும்போது முகத்தில் கோபமே இல்லை, கணக்குப் போடுகிறவள் மாதிரி இருக்கிறாள்.

வலி தாங்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு முறை தட்டினால் போதும், நடுவர் பிரித்துவிடுவார். அது விதி. நான்காவது சண்டையில் இவளுடைய இடது கையை ஒருத்தி பின்னுக்கு வளைத்துப் பிடித்திருக்கிறாள். இவள் தட்டவில்லை. மணி அடித்துத்தான் தப்பினாள். அதற்குப் பிந்திய ஐந்து சண்டைகளிலும் ஒன்றைக் கவனித்தேன். ஓய்வு நேரத்தில் தண்ணீர் பாட்டிலை இடது பக்கம் நீட்டினாலும் வலது கையால்தான் வாங்குகிறாள். வெற்றி அறிவிக்கும்போது நடுவர் இடது கையைத் தூக்கினால், அது முழுக்க நீள்வதில்லை.

அந்த முழங்கை ஆறவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

20 ஜனவரி

பிரசாந்திடம் காட்டினேன். ஐந்து இடங்களிலும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான். "நாப்பது வாட்டி பாத்துருப்போம் அம்மா, எவன் கண்ணுக்கும் படலியே! போஸ்டாபீஸ்ல ஒங்ககிட்ட எவனும் திருட்டு ஸ்டாம்பு ஒட்டிருக்க முடியாது."

இன்றிலிருந்தே திட்டம் மாறிவிட்டது. எல்லாம் அந்த இடது கைக்காக.

வித்யா மட்டும் சந்தோஷப்படவில்லை. வெந்நீரில் கால் வைத்தபடி சொன்னாள்: "அவ ஷூ கம்பெனியில தைக்கிறா அம்மா. மெஷினுக்கு ரெண்டு கையும் வேணும்."

"அப்படின்னா தட்டட்டும்" என்றேன்.

27 ஜனவரி

பயிற்சியில் விலாவில் உதை. உள்ளங்கை அகலத்துக்கு நீலம். தும்மினால் அழுகிறாள். "யாருகிட்டயும் சொல்லாத." நானா சொல்வேன்?

2 பிப்ரவரி, ஞாயிறு

நாளொன்றுக்கு எட்டு லிட்டர் தண்ணீர். குடிக்க வைத்துப் பிறகு ஒரேயடியாக நிறுத்தினால், உடம்பு பழக்கத்தில் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம். எட்டு லிட்டரையும் நானே வடிகட்டுகிறேன். உப்பு நிறுத்தியாகிவிட்டது. 58 கிலோவில் தொடங்கியவள் இன்று 55.4. வெள்ளிக்கிழமை எடை பார்க்கும்போது 52.2-க்குள் நிற்க வேண்டும்.

கன்னம் ஒட்டிவிட்டது. தனகோட்டி என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். "பெத்த பொண்ண இப்டி காய போடுவாங்களா?" என்று சுவரிடம் சொன்னாள்.

6 பிப்ரவரி, வியாழன், சென்னை

விடுதி அறை. இன்று நடந்ததை எழுதாமல் விடக்கூடாது.

காலையிலிருந்து வித்யாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் தொட்டி, பிறகு போர்வையில் சுருட்டிப் படுக்கை, மறுபடி தொட்டி. மதியம் 53.1. நேற்றே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்: "நான் கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத. பிரசாந்த் குடுத்துடுவான், நீ குடுக்க மாட்ட."

மூன்று மணிக்கு பிரசாந்த் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். நான் குளியலறையிலிருந்து வந்தபோது என் டம்ளர் அவள் கையில் இருந்தது. பிடுங்கினேன். விடவில்லை. கண் எங்கோ இருந்தது. என்னை யாரென்றே தெரியாத மாதிரி ஒரு பார்வை. மணிக்கட்டை முறுக்கினேன். அவள் என்னைத் தள்ளியதில் என் முதுகு கட்டிலின் விளிம்பில் மோதியது. எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது தேவையே இல்லை. முதல் அறையிலேயே டம்ளர் கீழே விழுந்துவிட்டது.

தரையில் சிந்தியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தேங்க்ஸ்மா" என்றாள்.

எழுபத்தொரு வயதில் ஒருத்தியை அடித்து ஜெயித்திருக்கிறேன். முதுகு வலிக்கிறது. ஆனால் — எழுதித்தான் ஆக வேண்டும் — உடம்பு லேசாக இருக்கிறது.

7 பிப்ரவரி

52.1.

9 பிப்ரவரி, ஞாயிறு

வித்யா ஜெயித்துவிட்டாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு மூன்றாவது வரிசையில் இடம். கூண்டு வலைக்கும் எனக்கும் இடையில் பதினைந்து அடி இருக்கும்.

முதல் சுற்று முழுக்க வளர்மதிதான். வித்யாவின் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இரண்டாவது சுற்றில் விலாவில் அதே இடத்தில் உதை. அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவளைப் பார்த்த மாதிரி அந்தப் பக்கத்தில் யாரோ எங்களைப் பார்த்திருக்கிறார்கள். வித்யா ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள். புருவம் கிழிந்தது. பல்கவசத்தைக் கழற்றியபோது சிவப்பாக நூல் நூலாக வழிந்தது. என் பக்கத்திலிருந்தவர், "போச்சு, செஞ்சிப் பொண்ணு அவ்ளோதான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது சுற்று. வித்யா கீழே மல்லாந்து கிடக்கிறாள், வளர்மதி மேலே உட்கார்ந்து முகத்தில் குத்துகிறாள். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதற்கு இடது கையை ஓங்கி இறக்கினாள். வித்யா அதைப் பிடித்துக்கொண்டாள். கால் ஒன்று வளர்மதியின் கழுத்தைத் தாண்டி விழுந்தது, இடுப்பு எழும்பியது, அந்தக் கை நேராக நீண்டது. இரண்டு வாரமாகக் குடோனில் ஆயிரம் முறை செய்தது.

வளர்மதி தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவர் மண்டியிட்டுக் குனிந்தார். வித்யா தலையைத் திருப்பி நடுவரைப் பார்த்தாள். இடுப்பு அப்படியே நின்றது. ஒரு நொடி இருக்கும். அந்த நொடியில் நான் எழுந்து நின்று கத்தினேன்:

"உடைடி!"

பச்சை முருங்கைக்கிளை முறிகிற சத்தம். முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. நடுவர் மேலே பாய்ந்தார். வளர்மதி கத்தவில்லை. எல்லாம் முடிந்தபிறகு வலது கையால் வித்யாவின் தொடையில் இரண்டு முறை தட்டினாள்.

எனக்குள் அந்த நேரம் இருந்தது மகிழ்ச்சி. வேறு பெயர் தேடிப் பார்த்தேன். இல்லை.

12 பிப்ரவரி

பேருந்து நிலையத்தில் வித்யாவுக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். சண்டையின் வீடியோவில் என் குரல் தெளிவாகக் கேட்கிறதாம். அதை மட்டும் வெட்டி அனுப்பிக்கொள்கிறார்கள். காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரன் தேங்காயை நீட்டி, "ஆயா, ஒரு வாட்டி சொல்லுங்க, ஒடைச்சிட்றேன்" என்றான். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் என்னைப் பார்த்துக் கும்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

தேங்காய் வாங்காமல் வந்தேன்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்று வித்யா துபாய் போகிறாள். ஒப்பந்தம் வந்துவிட்டது. பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, தையல் போட்ட உதடு வலிக்கிறது என்று நினைத்திருந்தேன். பெட்டியைப் பூட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ கை தளந்துது அம்மா. எனக்குத் தெரிஞ்சிது. இன்னும் ஒரு செகண்டுல தட்டிருப்பா. இல்லன்னா ரெஃப்ரீ நிறுத்தியிருப்பாரு. அதுக்குத்தான் அவரப் பாத்தேன்."

"தட்டலையே."

"நேரம் குடுத்தாதான தட்டுவா? அப்பதான் உன் கொரலு."

"கொரல் கேட்டா செஞ்சிடணுமா? முப்பத்திரண்டு வயசு ஆகுது உனக்கு."

"செஞ்சிட்டேனே" என்றாள். பிறகு, "நைனா இருந்திருந்தா எழுந்து வெளிய போயிருப்பாரு. நீ எழுந்து கத்துன" என்றாள்.

அவள் பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

கார் வந்தபோது காலில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, "இனிமே என் ஃபைட்டுக்கு வராதம்மா. டிவியிலயும் பாக்காத" என்றாள்.

சரி என்றேன்.

26 பிப்ரவரி

பிரசாந்த் விசாரித்துச் சொன்னான். வேலூரில் அறுவை சிகிச்சை. இரண்டு கம்பி. "விதிப்படிதான அம்மா நடந்துச்சு, நீங்க ஏன் டென்ஷன் ஆவுறீங்க? அவ தட்டிருக்கணும்." விதி எனக்குத் தெரியும். தட்டட்டும் என்று அவனுக்கும் முன்பே சொன்னவள் நான்தான்.

வளர்மதியின் முகவரி கேட்டேன். தயங்கினான். கேட்ட இடத்திலேயே நின்றேன். எழுதிக் கொடுத்தான்.

3 மார்ச், திங்கள்

இன்று பதிவுத் தபாலில் அனுப்பியது. நகல்:

வளர்மதி அவர்களுக்கு,

நான் வித்யாஸ்ரீயின் தாய். பிப்ரவரி எட்டாம் தேதி மூன்றாவது வரிசையில் இருந்து கத்தியவள்.

உங்கள் இடது முழங்கை ஆறவில்லை என்பதைக் கண்டுபிடித்தது என் மகளோ அவளுடைய பயிற்சியாளரோ அல்ல. நான்தான். உங்கள் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, நீங்கள் மறைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து அவர்களுக்குச் சொன்னேன். அந்தக் கையால் நீங்கள் பிழைக்கிறீர்கள் என்று என் மகள் சொன்ன பிறகும் பின்வாங்கவில்லை. நீங்கள் தட்டுவதற்கு அவள் ஒரு நொடி காத்திருந்தாள். அந்த நொடியை நான் எடுத்துக்கொண்டேன். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நான் சமண மதத்தைச் சேர்ந்தவள். எந்த உயிருக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்று வளர்ந்தவள். இதைத் தகுதியாகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். தருவதும் தராததும் உங்கள் விருப்பம். ஆனால் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். கை மடங்குகிறதா? மீண்டும் மெஷினில் உட்கார முடியும் என்று மருத்துவர் சொன்னாரா?

என் மகள் மூலமாகவோ பிரசாந்த் மூலமாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். திட்டுவதானாலும் திட்டி எழுதுங்கள். என் முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.