இடது காது வெட்டு

கார்த்திகை 20, செவ்வாய்

விடியமுதல் மழை. பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்று நனைந்ததுதான் மிச்சம். என் முறை வரப் பாண் முடிந்தது. வெறும் தேத்தண்ணியோடு மிருக வைத்தியக் கந்தோருக்கு.

மலைநாட்டிலிருந்து ஆராய்ச்சி டாக்குத்தர் வந்து இறங்கிவிட்டார். (இனி ஆ.டா. முழுதாக எழுதப் பொறுமை இல்லை.) பன்றிக் காய்ச்சலுக்குப் புதுத் தடுப்பூசி; இங்கே பரீட்சித்துப் பார்ப்பாராம். துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பன்றி. கன்டீன் மிச்சச் சோறும் மீன்குடலும் போட்டு வளர்க்கிற சனம். காய்ச்சல் அங்கே தலைகாட்டிவிட்டது.

ஏற்பாடு இது: பாதிப் பன்றிகளுக்கு மருந்து, இடது காதில் ஒரு வெட்டு. மற்றப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி, வலது காதில் வெட்டு. எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்ப்பது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான், விளங்குகிறது. ஆனால் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதாம்.

“நீர் விளக்கம் குடுக்கப் போகாதையும். சொன்னால் எல்லாரும் மருந்துதான் கேட்பினம்.”

கேட்கத்தானே செய்வார்கள். கேட்டால் என்ன குற்றம்? வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் சேற்றில் நின்று குத்தினேன். அவர் குடைக்குள் நின்று எழுதினார்.

பிலோமினா வீட்டில் அதிக நேரம் போயிற்று. புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு முறிந்து படுக்கை. பன்றிகளால்தான் அடுப்பு எரிகிறது. மார்கழி 25, நத்தார்ப் பெருநாளுக்கு இறைச்சிக்கு விற்கிற எண்ணம். “எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு, இனிப் பயமில்லை” என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொன்னா. குட்டிகள் மட்டும் பால்குடி, பிறகு பார்ப்போம் என்று விட்டோம்.

வீட்டில் வழமைபோல்: கிணற்றடியில் குளித்த பிறகுதான் வாசற்படி. சவர்க்காரம் முடிகிறது.

கார்த்திகை 29, வியாழன்

மழை விடவில்லை. சைக்கிள் ரியூப் ஒட்டவேண்டும். மண்ணெண்ணெய்.

வலது காது வெட்டின பன்றிகள் விழத் தொடங்கிவிட்டன. தீன் எடுக்காது, கண்ணில் பீளை, பின்கால் தள்ளாட்டம், வயிற்றில் சிவப்புத் திட்டு. இடது காது ஒன்றுக்கும் ஒரு குறையில்லை. அருமையான மருந்து. ஆத்திரமும் அதுதான். நல்லதென்று கண்ணால் கண்ட பிறகும் மற்றதுகளுக்குப் போட்டால் என்ன? ஆ.டா.வுக்குத் தந்தி அடித்தேன். பதில்: தொடர்ந்து அவதானிக்கவும்.

அவதானிக்கிறேன். வேறென்ன, தியேட்டரில் படம் பார்க்கிறோம்தானே.

மார்கழி 3, திங்கள்



காலையில் குடியிருப்புக்குப் போனேன். வலது காது வெட்டிய பன்றிகளுக்கெல்லாம் இடதிலும் வெட்டு. காயாத ரத்தம்.

பிலோமினாதான் சொன்னா: “ஊசி எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தானே போட்டனீங்கள் சேர். சாகிறது வலது வெட்டு, பிழைக்கிறது இடது வெட்டு. அப்ப குணம் காதிலதானே இருக்கு? நேற்றுப் பூசை முடிஞ்சு வந்து எல்லாருமாச் சேர்ந்து வெட்டினனாங்கள்.”

“எதால வெட்டினீங்கள்?”

“சவரப் பிளேட்டால. தெருவுக்கே ஒண்டுதான் கிடைச்சது. வருத்தக்காரப் பண்டிக்கு முதல்ல வெட்டிப்போட்டுத்தான் மற்றதுகளுக்கு.”

ஒரே பிளேட். காய்ச்சலை ரத்தத்தோடு கொட்டில் கொட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. அந்த மனுஷியின் யோசனையில் எங்கே பிழை? காட்டியதை வைத்து ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறா. காட்டினது பொய்.

ஆ.டா.வும் அவர் கட்டளையும் என்று மனதுக்குள் ஏசிவிட்டு, அங்கேயே நின்று முழுவதையும் சொன்னேன். பாதி ஊசி உப்புத்தண்ணி என்றதும் ஒவ்வொருவராகத் தங்கள் கொட்டில் பக்கம் திரும்பினார்கள். யாராவது இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிலோமினா கையைச் சீலையில் துடைத்துத் துடைத்து நின்றா.

மார்கழி 13, வியாழன்

வலது காதில் ஒன்றும் மிச்சமில்லை. மணலில் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். மூடின கிடங்கை நாய் கிளறுகிறது. நத்தார் விற்பனை பாதியாகப் போயிற்று.

ஆ.டா. வந்தார். முகம் சிவந்துதான் வந்தார், ஆனால் பன்றி செத்ததற்கல்ல. தானாகத் தொற்றிச் செத்ததா, பிளேட்டால் செத்ததா என்று பிரித்து எழுத முடியாதாம். தன் கணக்குப் பாழாம். அறிக்கையில் ஒரு வரி எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார்: வளர்ப்போரின் அறியாமையால் ஆராய்ச்சி குழம்பிற்று.

“அறியாமையோ? அறிய விட்டால்தானே?”

“போதும் ஐசே, குரலை உயர்த்தாதையும்.”

உயர்த்தினேன். கந்தோர் முழுக்கக் கேட்டது. பெரிய கிளாக்கர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். மன்னாருக்கு இடமாற்றம் வந்தால் வரட்டும், அங்கேயும் மனிதர் இருக்கிறார்கள்.

மிஞ்சின மருந்தை விட்டுவிட்டுப் போனார். அவருக்கு இனி அது தேவையில்லையாம்.

மார்கழி 14, வெள்ளி

வெயில் கொஞ்சம். ஜீப் ஓட்டுகிற ஜுனைதீன், கிண்ணியா ஆள், மீன் ஐஸ் வாடியில் கெஞ்சி மருந்துக்கு ஐஸ் வாங்கிவந்தார். வழி முழுக்க மருந்துப் பெட்டியை விழாமல் ஒரு கையால் பிடித்தபடி. பன்றி மருந்தைத் தொட உமக்குச் சங்கடமில்லையா என்றேன். “பண்டிக்குள்ள போகும்வரைக்கும் அது மருந்துதானே சேர்.” பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

பிலோமினாவின் குட்டிகள் இன்னும் நலம். வலது காதில் வெட்டு இல்லாததால் பிளேட் தொடவில்லை. இன்று போட்டால் பிழைக்கும். பிந்தினால் அடுத்த வருஷமும் அந்த வீட்டில் அடுப்பில்லை. ஊசியில் மருந்தை ஏற்றினேன். பிலோமினா கொட்டில் வாசலில் குறுக்கே நின்றா.

“வேண்டாம் சேர்.”

“இது உண்மையான மருந்து. இந்தாங்கோ, குப்பியைப் பாருங்கோ.”

“குப்பியைப் பாத்து எனக்கென்ன தெரியும்?”

“நான் பொய் சொல்ல மாட்டேன். அண்டைக்கு எல்லாத்தையும் சொன்னது ஆர்? நான்தானே.”

“ஓம், நீங்கள்தான் சொன்னீங்கள்.” குரலில் கோபமே இல்லை. “குத்தினதும் நீங்கள்தானே.”

கொட்டில் படலையைச் சாத்தினா. கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தா.