தாலிக்கு முன் எழுதிய உயில்

1938 ஜூன் 8, புதன்

மல்லாட்டைக் கடலை விதைக்க மூன்று காணி நிலமும் உழுதாகிவிட்டது. மழைதான் இல்லை. காலையில் கூழ் குடிக்கும்போது இவர் கையிலிருந்து சட்டி நழுவி விழுந்தது. வலது கை மரத்துப்போனதாம். சாயங்காலம் சரியாகிவிட்டது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூன் 10

ஜெயம் பள்ளிக்கூடம் போனபின் பெட்டியைத் திறந்து இவர் எழுதிய உயிலை எடுத்துப் பார்த்தேன். முழுக்கப் பிரெஞ்சு. இருதயமேரி என்ற என் பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது.

முதல் புருஷன் செத்த மாதமே அவனுடைய அண்ணன் தம்பிகள் என்னையும் கைக்குழந்தையாய் இருந்த ஜெயத்தையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பயத்தில்தான் இவர் பெண் கேட்டு வந்தபோது, எழுதிக் கொடுத்தால் கழுத்தை நீட்டுகிறேன் என்றேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். எங்கள் தெருவில் சொந்த நிலம் வாங்கியவர் இவர் ஒருவர்தான். சிரித்துக்கொண்டே புதுச்சேரி போய், பத்திரம் எழுதும் நொத்தேரிடம் எழுதி வந்தார். நிலம் எனக்கு, புதுச்சேரி வீடு மூத்த தாரத்து மகன் மரியசூசைக்கு. அடுத்த மாதம் மாதா கோவிலில் கல்யாணம்.

அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று யாராவது படித்துச் சொன்னால் தேவலை.

ஜூன் 17, வெள்ளி

விழுப்புரம் போய் வந்தேன். வக்கீல் கிருஷ்ணசாமிக்குப் பிரெஞ்சு தெரியும் என்றார்கள். படித்தார். இவர் சொன்னபடியேதான் இருந்தது. எழுந்து கும்பிடப் போனேன்.

"உக்காருங்கம்மா. இது எழுதினது 36 ஏப்ரல். உங்க கல்யாணம் எப்போ?"

"மே மாசங்க."

காகிதத்தை மடித்து வைத்தார். "உங்க கிறிஸ்து வேதக்காரங்களுக்கு இங்க ஒரு சட்டம் இருக்குது. உயில் எழுதின பின்னால ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கினா, அந்த உயில் ரத்து. புதுச்சேரியில அப்படி இல்ல. அங்க இது செல்லும். ஆனா நிலம் இங்கிலீஷ்காரன் சீமையில, திண்டிவனத்துப் பக்கம் இருக்குதே. நிலம் எந்தச் சீமையோ அந்தச் சீமைச் சட்டம்."

"அப்ப நிலம் யாருக்குங்க?"

"அவர் வேற உயில் எழுதாம கண்ண மூடிட்டா, மூணுல ஒரு பங்கு உங்களுக்கு. ரெண்டு பங்கு மகனுக்கு. உங்க பொண்ணு அவருக்குப் பொறந்தவ இல்லையே, அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவரை அழைச்சிக்கினு வாங்க. புதுசா எழுதிடலாம், அரைநாள் வேலை."

ரயிலில் வரும்போது இதே நினைப்பு. காகிதம் கேட்டவள் நான். அதையும் தாலிக்கு முன்னால் கேட்டவள் நான். ஒரு மாதம் பொறுத்துக் கேட்டிருந்தால்?

ஜூன் 19

இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சாவதற்குள் கையெழுத்துப் போடு என்றா?

ஜூன் 26

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இருபது வருசம் அந்தக் கொடிக்கு சல்யூட் அடிச்சவன் நான். சர்க்கார் முத்திரை குத்தின காகிதம் இது. இங்க எவன் இத்த அழிப்பான்?" என்று சத்தம் போட்டார். பிறகு மெதுவாக, "நான் எப்பச் சாவேன்னு பாத்துக்கினு இருக்கியா?"

மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். நான் அதற்காகவா கேட்டேன்? அதற்காகத்தானே கேட்டேன்.

ஜூலை 9

பதின்மூன்று நாள் கழித்து இன்று என் முகம் பார்த்துப் பேசினார். "விதைப்பு முடியட்டும். விழுப்புரம் போவலாம். அந்த வக்கீலு மூஞ்சியப் பாக்கணும் எனக்கு."

மாதாவே, அதுவரை.

ஜூலை 13

விதைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். வண்டி கட்டுவதற்குள் போய்விட்டார்.

ஜூலை 24

சாவுக்கு வந்த சூசை பத்து நாளும் இங்கேயே இருந்தான். கிணற்றிலிருந்து தண்ணீர்கூட அவனே சேந்தினான். இன்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது, "நிலம் உங்களுக்கு, வீடு எனக்குன்னு அப்பா எழுதி வெச்சிருக்காரு. நொத்தேரே சொன்னாரு சித்தி. அப்படியே நடக்கட்டும்," என்றான்.

அவனுக்குத் தெரிந்தது புதுச்சேரிச் சட்டம் மட்டும்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆகஸ்ட் 16

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் துரைக்கண்ணு வந்தார். "பட்டா மாத்தணும்னா மகன் வந்து எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும்மா." அவன் இங்கே வந்து யாரையாவது விசாரித்தால்? திண்டிவனத்தில் வக்கீலுக்கா பஞ்சம்?

செப்டம்பர் 3

தபால்காரன் தெருவில் நுழைந்ததும், சூசை எழுதியதோ என்று உள்ளே போய்விட்டேன். பக்கத்துப் பாஞ்சாலி வீட்டுக்கு வந்த கடிதம்.

அக்டோபர் 25

மல்லாட்டை பிடுங்குகிறோம். நல்ல காய். ஜெயம் மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை. நான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தானே இருக்கிறேன் — இப்படியே தினமும் எனக்கு நானே சொல்லிக்கினு கெடக்கேன். கதவைச் சாத்தினானுங்களே, அவனுங்களுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

சூசை வந்தான். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினான். நாளைக்குக் கர்ணத்திடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றான். அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வக்கீல் சொன்னது, அவன் பங்கு, அப்பா புது உயில் எழுத வர ஒப்புக்கொண்டது, எல்லாம்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜூன்லேர்ந்து."

"நான் மூட்டை கட்டிக்கினு கெளம்பினப்பகூட?"

"தெரியும் சூசை."

சோறு ஆக்கி வைத்திருந்தேன். அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 21

கடிதம் இல்லை.

டிசம்பர் 11

தெற்குத் தெரு ரெட்டியார் வீட்டு ஆள் ஒருவன் வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்," என்றான். இவருடைய அப்பா அந்த வீட்டுக்குத்தான் பண்ணையாள். நிலம் போனால் ஜெயத்தை விழுப்புரத்துக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டுவிட்டு நான் கூலிக்குப் போகலாம். போகலாம் என்று எழுதுகிறேன். மனசு வரவில்லை.

1939 ஜனவரி 19

கடிதம். "27ஆம் தேதி திண்டிவனம் சப்ரிஜிஸ்திரார் கச்சேரிக்கு வரவும். மரியசூசை." சித்தி என்ற வார்த்தை இல்லை.

ஜனவரி 27

கச்சேரித் தாழ்வாரத்தில் சூசை நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"கோவம் ஆறல சித்தி. ரெட்டியாருக்கு வித்துடலாம்னு ஆள்கூட அனுப்பினேன். அவங்க விலை பேசக் கூப்பிட்டாங்க. போனேன். என்னை வாசல்லயே நிக்க வெச்சிப் பேசினாங்க. வந்துட்டேன்."

நான் கும்பிட்டேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

"கும்பிடாதீங்க. முழுசா வுட்டுக் குடுக்கல. எனக்கு வர்ற ரெண்டு காணியில ஒண்ணு உங்களுக்கு எழுதிக் குடுக்கறேன். ஒண்ணு நான் வெச்சிக்கறேன். என் பொஞ்சாதி மாசமா இருக்கா."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"அன்னிக்கே மூணுக்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். எனக்குக் கையெழுத்துப் போட வரும். அவசரத்தில் பெருவிரலை மையில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்து காப்பி வாங்கிக் கொடுத்தான். முழுவதும் குடித்தேன்.

ஜூலை 8

நேற்று நல்ல மழை. இன்று விதைப்பு. சூசைக்கு ஆண் பிள்ளை. சவுரிராயன் என்று இவர் பெயரையே வைத்திருக்கிறான். அவனுடைய காணியையும் என்னையே பயிர் வைக்கச் சொல்லி எழுதியிருந்தான். கடிதத்தின் தலைப்பில் "சித்திக்கு".

கர்ணம் வந்து, உன் ரெண்டுக்கும் அவன் ஒண்ணுக்கும் நடுவே வரப்பு எங்கே போடுவது, கல் நட வேண்டுமே என்றார்.

"புள்ளையத் தூக்கிக்கினு அவன் வரட்டுங்க, பாத்துக்கலாம்," என்றேன்.

ஜெயம் மூன்று காணிக்கும் சேர்த்து அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே சாலாக விதைத்துக்கொண்டு வந்தாள்.